ஹாலுக்குள்ள 300 லிட்டர் கடல்

மறைமலை நகர்ல உக்காந்துக்கிட்டு உப்புத்தண்ணி மீன்தொட்டி வச்சிருக்கேன்னு சொன்னா ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும் மக்களே. முதல் கேள்வி, "தண்ணிக்கு என்ன பண்றே, கோவளத்துல இருந்து கேன்ல பிடிச்சுட்டு வர்றியா?" ரெண்டாவது, "என்ன ஃபில்டர் போட்டிருக்கே?"

முதல் கேள்விக்கு சுருக்கமான பதில் இருக்கு: இல்லை. வண்டலூர் போய் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு கோவளம் போகணும்னா முப்பது கிலோமீட்டர் சொச்சம். போனாலும் கரையோரத் தண்ணி நம்பிக்கையானது இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில முட்டுக்காடு முகத்துவாரம் திறந்து நல்ல தண்ணியும் சேறும் கலந்துடும். உப்பு அளவு மாசத்துக்கு மாசம் மாறும். கடலுக்குள்ள இருக்கிற மீனுக்கு ஆழத்துக்கு நீந்திப் போக வழி இருக்கு. என் ஹால்ல இருக்கிற மீன் எங்க போகும்?

ரெண்டாவது கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. கேக்கறவங்க மனசுல இருக்கிறது கடையில விக்கிற ஒரு பிளாஸ்டிக் பொட்டி. உள்ளே பஞ்சு, கொஞ்சம் கரி, ஒரு மோட்டார். தங்கமீனுக்கு அது போதும். கடல் தொட்டிக்கு ஃபில்டர்ங்கிறது ஒரு பொருளே இல்லை, அது ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நடுவுல தாத்தா வருவார், சுண்ணாம்பு வரும், சட்டம் வரும். கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

முதல்ல தொட்டி

நாலு அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம். கொளத்தூர்ல ஒட்டிக் கொடுத்தாங்க. வண்ணமீன் வளர்க்கறவங்களுக்கு கொளத்தூர்தான் தலைநகரம்னு தெரியாதவங்க இருக்க முடியாது. மேல் தொட்டியில 230 லிட்டர், அடியில கேபினட்டுக்குள்ள இருக்கிற சம்ப் தொட்டியில 70 லிட்டர், ஆக மொத்தம் 300. தண்ணி மட்டுமே 300 கிலோவுக்கு மேல. கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தா நாலு பெரிய மூட்டை சிமென்ட்டுன்னு நினைச்சுடாதீங்க, எட்டு மூட்டை. அதனால தரைத்தளம், சுவரோரம். இரும்பு ஸ்டாண்டு கூடாது. உப்பு பட்டா ஆறு மாசத்துல துரு பூத்துடும்.

"கத்துக்கறதுக்கு சின்னதா ஒண்ணு வாங்கிக்கிறேன்"னு சொல்றவங்களுக்கு: இதுல சின்னதுதான் கஷ்டம். 40 லிட்டர்ல ஒரு மீன் செத்தா ராத்திரிக்குள்ள தண்ணி விஷம் ஆகிடும். 300 லிட்டர்ல அதே விஷயம் நடந்தா காலையில பார்த்துக்கலாம். தண்ணி அதிகமா இருந்தா நமக்கு நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

தண்ணி எங்கிருந்து?

எங்க வீட்டு போர் தண்ணி டி.டி.எஸ் 1,100 சொச்சம். குளிச்சா சோப்பு நுரைக்காது, பாத்ரூம் குழாயில வெள்ளையா படியும். இதை நேரா தொட்டியில ஊத்தினா கூடவே நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் வரும், ஒரே வாரத்துல கண்ணாடி பூரா பாசி. அதனால ஆர்.ஓ. போட்டு, அது பத்தாம அதுக்குப் பின்னாடி ஒரு ரெசின் குழாயும் போட்டு டி.டி.எஸ்ஸை பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். அப்புறம் அதுல உப்பைக் கலக்கணும்.

அப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சார். "நெம்மேலியில கோடிக்கணக்கா செலவு பண்ணி கடல் தண்ணியில இருந்து உப்பை எடுத்து ஊருக்கு அனுப்புறான். நீ அதே மிஷினை வச்சு நல்ல தண்ணி எடுத்து அதுல உப்பு போடுறே. உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன் பாரு." நெம்மேலியில 2013ல நாளைக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது, 2024ல இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை. அங்கயும் சவ்வுதான், இங்கயும் சவ்வுதான். நான் என்ன பதில் சொல்ல?

அம்மாவோட கேள்வி சிரிக்கிற மாதிரி இல்லை. "ஒரு குடம் நல்ல தண்ணிக்கு மூணு குடம் வெளியே போகுதே, அதை என்ன பண்ணப் போறே?" 2019 கோடையில லாரிக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு குடத்தோட நின்னவங்க அம்மா. 300 லிட்டர் தொட்டியை நிரப்ப 900 லிட்டர் கழிவுத் தண்ணி போகும்னா அவங்க எப்படி ஒத்துக்குவாங்க?

இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்காம தொட்டி வைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் நாலஞ்சு லிட்டர் ஆவியாகும், அதுக்கு ஈடு ஊத்தணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். வாரத்துக்கு சராசரியா 50 லிட்டர் சுத்தத் தண்ணி, அதுக்கு 150 லிட்டர் கழிவு. நாலு பேர் இருக்கிற வீட்டுல கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் வாசல் தெளிக்கவும் அதைவிட அதிகமாவே ஆகும். ரிஜெக்ட் குழாயை ஒரு 200 லிட்டர் டிரம்முக்குத் திருப்பிவிட்டேன். முதல் நிரப்பல் மட்டும் கார்த்திகை மாசம், மொட்டைமாடி மழைத்தண்ணியைப் பிடிச்சு வடிகட்டி ஆர்.ஓ.வுக்கு விட்டது. மழைத்தண்ணியில உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அதனால சவ்வுக்கும் சுகம், ரெசினும் சீக்கிரம் தீராது. அம்மா டிரம்மைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. எங்க வீட்டுல அதுக்குப் பேர் சம்மதம்.

கல்லுப்பு ஏன் ஆகாது?

"உப்புதானே, அண்ணாச்சி கடையில ரெண்டு மூட்டை வாங்கிப் போடு"ன்னு நண்பன் ஒருத்தன் யோசனை சொன்னான். இது நியாயமான சந்தேகம்தான். கடல் தண்ணியில இருந்துதானே அந்த உப்பு வருது?

விடை உப்பளத்துல இருக்கு. பாத்தியில தண்ணி வத்தும்போது முதல்ல சுண்ணாம்புச் சத்து படியும், அப்புறம் ஜிப்சம், அதுக்கப்புறம்தான் சாப்பாட்டு உப்பு. அதை வாரி எடுத்ததும் மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணியிலதான் மக்னீசியமும் பொட்டாசியமும் இருக்கும். ஆக நம்ம வீட்டு உப்புங்கிறது கடல்ல இருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் கூப்பிட்டு வந்த மாதிரி. மீன் கொஞ்ச நாள் தாங்கும். கல் மேல படர்ற ஊதா நிற சுண்ணாம்புப் பாசிக்கும் நத்தைக்கும் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல, மக்னீசியம் 1,300 பக்கம் வேணும். அதெல்லாம் சரியான விகிதத்துல கலந்த கடல் உப்பு தனியா விக்குது. லிட்டருக்கு 35 கிராம் உப்புச்சத்து வரணும், 300 லிட்டருக்கு 11 கிலோ பக்கம் ஆச்சு.

இன்னொரு விஷயம். ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே இருக்கும். அதனால தினசரி ஈடு ஊத்தறது நல்ல தண்ணியாத்தான் இருக்கணும். உப்புத்தண்ணி ஊத்தினா தொட்டி உப்பளம் ஆகிடும். மொட்டைமாடி டேங்க்ல இருக்கிற மிதவை வால்வு மாதிரியே ஒரு குட்டி வால்வு சம்ப்ல இருக்கு. பக்கத்துல ஒரு 20 லிட்டர் கேன். மட்டம் இறங்கினா அதுவா திறந்துக்கும்.

இப்ப ஃபில்டர்

மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், இது ஓரளவுக்கு பரவாயில்லை. கல்லோட உள்துளைகள்ல ஆக்சிஜன் எட்டாத இடத்துல குடியிருக்கிற மூணாவது கோஷ்டி அந்த நைட்ரேட்டை உடைச்சு வெறும் நைட்ரஜன் காத்தா வெளியே விட்டுடும். கதை முடிஞ்சது. ஆக உண்மையான ஃபில்டர் எது? துளை நிறைய உள்ள கல்லும், அதுல குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஜனமும்.

ஒரு காலத்துல கடல் தொட்டியை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வச்சிருந்தாங்க. செத்த பவளத்தை வெளுத்து, அடிக்கடி எடுத்துக் கழுவி வைப்பாங்க. 1961ல ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில எழுதினார்: கடல்ல இருந்து உயிருள்ள கல்லை அப்படியே கொண்டு வந்து வையுங்க, கொஞ்சம் காத்துக் குமிழி விடுங்க, மத்ததை அதுவே பார்த்துக்கும். பின்னாடி பெர்லின் ஆளுங்க அந்தக் கல்லோட நுரை எடுக்கிற கருவியைச் சேர்த்தாங்க. இன்னிக்கும் பெர்லின் முறைன்னுதான் பேரு.

நுரை எடுக்கிற கருவின்னா ப்ரோட்டீன் ஸ்கிம்மர். பேரைக் கேட்டு பயப்படாதீங்க. வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையா மேல வரும், அம்மா கரண்டியால வழிச்சு எடுப்பாங்க இல்லையா, அதேதான். ஒரு குழாய்க்குள்ள பொடிப்பொடியா காத்துக் குமிழிகளை விட்டா தண்ணியில கரைஞ்ச கழிவு குமிழி மேல ஒட்டிக்கிட்டு மேலே ஏறி ஒரு கிண்ணத்துல வழியும். பழுப்பு நிறம், மோந்து பார்த்தா மதிய சாப்பாடு இறங்காது. அழுக்கு அழுகி அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே வெளியே வந்துடுது, அதுதான் லாபம். நல்ல தண்ணியில குமிழி பெருசு பெருசா சேர்ந்து உடைஞ்சுடும், இந்த வித்தை பலிக்காது. உப்புத்தண்ணிக்கு மட்டும்தான்.

சரி, கல்லுக்கு எங்க போறது?

சிமென்ட் கல்

லீ சின் எங் வழியில போகணும்னா கடல்ல இருந்து கல் எடுக்கணும். நம்ம ஊர்ல அந்தக் கல்லுன்னாலே பவளத்தோட எலும்புக்கூடு. அதைத் தொட எனக்கு இஷ்டமில்லை, காரணம் கீழே வருது. கல்லை நானே செஞ்சேன்.

ஒரு பங்கு வெள்ளை சிமென்ட், மூணு பங்கு கோழித்தீவனக் கடையில வாங்கின கிளிஞ்சல் பொடி, ரெண்டு பங்கு கல்லுப்பு. பிசைஞ்சு ஈர மணல்ல குழி தோண்டி வார்த்தா கோணல்மாணலா நிஜக் கல் மாதிரியே வரும். காய்ஞ்சதும் தண்ணியில போட்டா உப்பு கரைஞ்சு போய் உள்ளே எல்லாம் துளை. அண்ணாச்சி கடை உப்புக்கு இங்கதான் வேலை! சிமென்ட்டோட காரம் இறங்கற வரைக்கும் தண்ணி மாத்திக்கிட்டே இருக்கணும். பி.எச். 12ல இருந்து 8.5க்குக் கீழ வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கெல்லாம் டிரம்ல சேர்ந்த ரிஜெக்ட் தண்ணிதான்.

கல்லை அடுக்கி, உப்புத்தண்ணி நிரப்பி, ஒரே ஒரு இறால் துண்டைப் போட்டுட்டு உக்காந்தேன். மீன் கிடையாது. வெறும் தொட்டி, ஒரு இறால், ஓடுற மோட்டார். வந்தவங்க எல்லாம் "மீன் எங்கே?"ன்னு கேட்டாங்க. தினம் ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு வந்து சோதனைக் குழாய்ல சொட்டு விட்டு நிறம் பார்த்து எக்செல்ல ஏத்துவேன். அம்மோனியா ஏறி இறங்கிச்சு, நைட்ரைட் ஏறி இறங்கிச்சு, நைட்ரேட் மெதுவா தலை காட்டிச்சு. ஆறு வாரம். மாவு புளிக்கிறதுக்கு ஒரு ராத்திரி, கல்லு புளிக்க ஆறு வாரம். ரெண்டையும் அவசரப்படுத்த முடியாது. பொட்டி தட்டுறவனுக்கு இது புது அனுபவம். நம்ம தொழில்ல எதையாவது ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா வேகமா போகும்.

கரண்டும் வெயிலும்

கரண்டு போனா மேல் தொட்டித் தண்ணி கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும். அந்த அளவுக்கு சம்ப்ல எப்பவும் காலி இடம் வேணும், திரும்பிப் போற குழாயில தண்ணி மட்டத்துக்குச் சரியா ஒரு சின்ன ஓட்டையும் வேணும், காத்து புகுந்து இழுவையை நிறுத்த. மீன் வர்றதுக்கு முன்னாடியே மெயினை அணைச்சு அணைச்சு பத்து தடவை சோதிச்சுட்டேன். ஒரு சொட்டு வெளியே வரலை.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல ஒண்ணரை நாள் கரண்டு இல்லை. இன்வெர்ட்டர்ல எதை ஓட்டணும்னு முன்னாடியே வரிசை எழுதி வச்சிருந்தேன். விளக்கு வேண்டாம், ஸ்கிம்மர் வேண்டாம், தண்ணியைக் கலக்கற 10 வாட் அலை மோட்டார் மட்டும் நிக்கக் கூடாது. தண்ணி அசைஞ்சாதான் மேற்பரப்பு வழியா ஆக்சிஜன் இறங்கும். மீனும் மூச்சு விடும், கல்லுக்குள்ள இருக்கிற ஜனமும் மூச்சு விடும். 150 ஆம்பியர் பேட்டரியில அது மட்டும் ஓடினா மூணு நாள் தாங்கும். ஒண்ணும் ஆகலை.

வெயில்தான் நிஜ வில்லன். மே மாசம் ஹால் 36 டிகிரி. தண்ணி 28 தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்கேன். தண்ணி மேல காத்து வீசற மாதிரி ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், மண்பானை தத்துவம். அதுக்கு மேல சில்லர்தான். அந்தச் செலவைக் கேட்டா தங்கமணி வர்றதுக்கு முன்னாடியே ஓடிடுவாங்க, அதனால இங்க எழுதலை :-)

முருகைக்கல்

இப்ப அந்த விஷயம். தொட்டி ஓடி நாலு மாசம் கழிச்சு ஒரு கடைக்கு நத்தை வாங்கப் போனேன். எந்த ஊர், எந்தக் கடைன்னு வேண்டாம். பேசிக்கிட்டு இருந்தவர் மெதுவா பின் கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளங்கை அளவு மூளைப் பவளம். நீல வெளிச்சத்துல பச்சையா மின்னுது. "நம்ம ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு சார். எல்லாரும் வச்சிருக்காங்க. உங்க தொட்டிக்கு இதுதான் குறை." விலையும் ஒண்ணும் மலைக்கிற மாதிரி இல்லை.

2001லயே கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. மாட்டினா குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம். ஆனா உண்மையைச் சொல்லணும்னா அந்த நிமிஷம் எனக்கு சட்டம் ஞாபகம் வரலை. தாத்தாதான் ஞாபகம் வந்தார்.

எங்களுக்குப் பூர்வீகம் மண்டபம் பக்கம். அப்பா பவளம்னு சொல்ல மாட்டார், முருகைக்கல்னுதான் சொல்வார். தாத்தா அந்தக் கல்லை வண்டியில ஏத்தி விட்டவர். வள்ளத்துல போய்க் கடப்பாரையால பேர்த்துட்டு வருவாங்க, கரையில குவிப்பாங்க, கொஞ்சம் வீடு கட்டப் போகும், மிச்சம் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் போகும். அப்பா பள்ளிக்கூடம் போனது அந்தக் காசுல. தனுஷ்கோடி போனவங்க எல்லாரும் அந்த இடிஞ்ச சர்ச் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. 1964 புயல்ல போனது. அடுத்த தடவை போனா சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. கல்லுல பூப்பூவா அச்சு தெரியும். அத்தனையும் பவளம்.

"அது உயிருன்னு எங்களுக்கு யாரும் சொல்லலைப்பா. கல்லுன்னுதான் நினைச்சோம். தண்ணியில இருந்து எடுத்ததும் வழவழன்னு இருக்கும், ரெண்டு நாள்ல நாறும். கல்லு ஏன் நாறுதுன்னு ஒருத்தரும் கேட்டுக்கலை"ன்னார் அப்பா.

மன்னார் வளைகுடாவுல 21 தீவு. 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. ஆனா பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. அலையைத் தடுத்துக்கிட்டு இருந்த பவளப்பாறையைப் பேர்த்தது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். கல் எடுக்கிறது நின்னதுக்கு அப்புறமும் விட்டபாடில்லை. 1998, 2010, 2016ன்னு கடல் சூடாகி பவளம் வெளுத்தது. என் ஹால்ல 28 டிகிரிக்கு மேல போனா நான் ஃபேனைப் போடுவேன். அங்க ஃபேன் போட ஆள் இல்லை. தூத்துக்குடி பக்கம் வான் தீவைச் சுத்தி கான்கிரீட் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்துக்கிட்டு இருக்காங்க. என் தொட்டியில இருக்கிற சிமென்ட் கல்லுக்குப் பெரிய அண்ணன்னு வச்சுக்குங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வெளிநாட்டுல பவளம் வளர்க்கறவங்க தொட்டியில தினமும் சொட்டுச் சொட்டா ஒரு திரவம் விடுவாங்க. ஜெர்மன் மொழியில கால்க்வாஸர். நானும் ஏதோ பெரிய ரசாயனம்னு நினைச்சுப் படிச்சேன். அப்படியே மொழிபெயர்த்தா சுண்ணாம்புத் தண்ணி. அம்மாச்சி வெத்தலைக்குத் தடவுற அதே சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளியவச்ச தண்ணி. பவளம் அதுல இருக்கிற கால்சியத்தை எடுத்துத் தன் வீட்டைக் கட்டிக்கும். எங்க தாத்தா காலத்துல பவளத்தைச் சுட்டு சுண்ணாம்பு ஆக்கினாங்க. இவங்க சுண்ணாம்பைக் கரைச்சுப் பவளம் ஆக்குறாங்க. ஒரே சமன்பாடு, அம்புக்குறி மட்டும் திசை மாறி இருக்கு. வளர்ற வேகத்தையும் சொல்லிடறேன். மூளைப் பவளம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்த உள்ளங்கை அளவுப் பவளத்துக்கு என் வயசு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கடைக்காரர்கிட்ட நத்தை மட்டும் போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதோட என் தொட்டியில பவளம் வராதுன்னும் முடிவாச்சு.

அப்ப உள்ளே என்னதான் இருக்கு?

நண்பன் கேலி பண்றான்: "பவளம் இல்லாத ரீஃப் டேங்க், உருளைக்கிழங்கு இல்லாத மசால் தோசை." இருக்கட்டும். என்னோட சிமென்ட் கல் மேல ஊதாவும் ரோஸுமா சுண்ணாம்புப் பாசி படர்ந்து வெள்ளையே தெரியலை. கல் சந்துக்குள்ள புழு, பொடி இறால், பேர் தெரியாத பஞ்சுங்க. நத்தை ஏழு. அப்புறம் ஒரு ஜோடி கோமாளி மீன், நீமோ படத்துல வர்ற ஜாதி.

இந்த ஜோடி கடல்ல பிடிச்சது இல்லை, பொரிப்பகத்துல பிறந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் பண்ற முறையை உருவாக்கி, மண்டபம் மையத்துலயும் வளர்த்துக் காட்டியிருக்கு. எந்த மண்டபத்துல எங்க தாத்தா கல் ஏத்தினாரோ, அதே மண்டபம். தொட்டியில பிறந்த மீனுக்குக் கடல்தாமரையே தெரியாது. அதனால நான் வச்ச ஒரு மண்சட்டியைத் தன் வீடுன்னு எடுத்துக்கிச்சு. கோமாளி மீன் எல்லாமே பிறக்கும்போது ஆண். ஜோடியில பெருசா ஆகறது பெண்ணா மாறிக்கும். எங்க வீட்டுலயும் பெருசுதான் மிரட்டும், சின்னது வாலைச் சுருட்டிக்கிட்டு நடுங்கும். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஒன்பதாவது மாசம் சட்டியோட உள்பக்கம் ஆரஞ்சு நிறத்துல முட்டை வச்சிருந்துச்சு. ஆண் மீன் ராத்திரி பகலா துடுப்பால விசிறிக்கிட்டே இருந்தது. அப்பா நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தார். எட்டாவது நாள் ராத்திரி பொரிச்சது. காலையில ஒண்ணுகூட இல்லை.

எங்க போச்சு? குஞ்சு கண்ணுக்குத் தெரியாத பொடிசு, நீந்தத் தெம்பில்லாம தண்ணி போற பக்கம் போகும். தண்ணி சம்ப்புக்குப் போகும், அங்கிருந்து மோட்டார், ஸ்கிம்மர். நான் ஆறு மாசமா பெருமையா சொல்லிக்கிட்டு இருந்த அத்தனை ஃபில்டரும் அதுங்களுக்கு மிக்ஸிதான். பிழைச்சாலும் சாப்பாடு கிடையாது. முதல் வாரத்துக்கு அதுங்க தின்னக்கூடியது ரோட்டிஃபர்ங்கிற பொடி உயிர் மட்டும்தான். அதை வளர்க்கப் பச்சைத்தண்ணி வேணும், பச்சைத்தண்ணி வளர்க்க வெயில் வேணும். வெயில் நம்மகிட்ட தாராளமா இருக்கு.

இப்ப மொட்டைமாடியில நாலு கேன்ல பச்சைத்தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு. தினமும் காலையில போய்க் குலுக்கி விடறது அப்பா பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கிட்டார். அடுத்த முட்டைக்கு ஏழாம் நாள் ராத்திரி மோட்டாரை நிறுத்தி, டார்ச் வெளிச்சத்துல குஞ்சுங்களை ஒதுக்கி வேற தொட்டிக்கு மாத்தணும். நூத்துல பத்து தேறினாலே பெரிய விஷயம். தேறினா பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதா எண்ணம். ஒரு நிபந்தனை: ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓட்டிக் காட்டணும்.

டிஸ்கி: தொட்டி வைக்கிற ஆசை இதைப் படிச்சு வந்தா முதல்ல வாங்க வேண்டியது மீன் இல்லை, ஒரு டி.டி.எஸ் மீட்டரும் ஒரு 200 லிட்டர் டிரம்மும். ரெண்டும் சேர்த்து ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோட போற செலவுதான். மீன் வாங்கும்போது பொரிப்பகத்துல பிறந்ததான்னு கேளுங்க. பின் கட்டுக்குக் கூப்பிட்டா போகாதீங்க.